ஹட்டி: பண்டையோர் பொன் அகழ்ந்த ஊர்

கிருஷ்ணை ஆற்றிற்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட நிலம் இராய்ச்சூர்ச் சமவெளி. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இடைதுறை நாடு எனக் கூறப்படுவது இதுவே என்பது வரலாற்றறிஞர் கருத்து. பாமினி சுல்தான்களும் விசயநகர மன்னரும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டது இந்நிலத்திற்காகவே. நிலத்தின் மேற்பரப்பை மட்டும் காண்பவர்க்கு அப்போர்களின் காரணம் எளிதில் விளங்காது. மழை குறைவு, ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். கரிசலில் சோளமும் துவரையும் பருத்தியும் விளைகின்றன. அடிவானத்தில் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போன்ற குன்றுகள் நிற்கின்றன.

இராய்ச்சூர் நகரிலிருந்து மேற்கே எண்பது கிலோமீட்டர் அளவில், லிங்கசுகூரை அடைவதற்குச் சற்று முன்னால், ஹட்டி என்னும் ஊர் உள்ளது. தொலைவிலேயே சுரங்கவாயிலின் இரும்புக் கோபுரமும், அரைத்துக் கழித்த மண்ணின் சாம்பல்நிற மேடுகளும் கண்ணிற்படும். கோலார் தங்கவயல் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்ட பின்னர், பாறையினின்று நேரே பொன் எடுக்கும் இந்தியச் சுரங்கங்களில் ஹட்டியே முதலிடம் பெறுவது. கருநாடக அரசின் நிறுவனமொன்று இதனை நடத்துகின்றது. ஆண்டுக்கு ஒன்றரை டன் அளவில் பொன் கிடைக்கின்றது. சுரங்கம் நிலமட்டத்திற்கு 2500 அடிக்கும் கீழே சென்றுள்ளது.

எனினும் இக்கட்டுரையின் பொருள் அந்தப் பெருஞ்சுரங்கம் அன்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதே இடத்தில் இறங்கிப் பொன் எடுத்துச் சென்றவர்களின் தடங்களைப் பற்றியே இங்குக் கூற விரும்புகின்றோம். அவர்தம் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற குழிகளும் கற்களும் இன்றும் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. படிக்கத் தெரிந்தவர்கள் களத்தில் குறைவாக இருப்பதே கவலைக்குரியது.

முதலில் பாறையைப் பற்றிச் சில சொற்கள். சுற்றிலும் உள்ள குன்றுகள் கருங்கல் எனப்படும் கிரானைட்டு வகை. அவற்றின் நடுவே, தூண்டில்முள் போல வளைந்து, கருமை தோய்ந்த பச்சைப் பாறைகளாலான பட்டையொன்று ஓடுகின்றது. இப்பாறைகள் 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றியவை. அக்குழம்பின் ஒரு பகுதி நீருக்கடியில் பாய்ந்து தலையணை போன்ற வடிவில் உறைந்தமை இன்றும் சில இடங்களில் காணக்கூடும். பின்னர் நிலப்பகுதி நசுங்கி வெட்டுண்டபோது, அவ்வெட்டுகளின் வழியே ஆழத்திலிருந்து எழுந்த வெந்நீர்க் கரைசல்கள் வெண்படிகக் கல்லையும், உடன் பொன்னையும் படியவைத்தன. குவார்ட்சு என்னும் இவ்வெண்கல் ஒன்றற்கொன்று இணையாகப் பல தகடுகள்போல், செங்குத்தை ஒட்டிய சாய்வில், ஏறத்தாழ வடக்குத் தெற்காக நிற்கின்றது. சுரங்கத்தார் ஒவ்வொன்றையும் ரீஃப் என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

இப்பாறைத் தொகுதிக்குத் தார்வார் எனப் பெயர் வழங்கி, தென்னிந்தியப் பொன்னிற்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1880களில் எடுத்துக் காட்டியவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட். சென்னைக்கருகில் பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் என்ற அளவில் அவரை ஆசிரியர்கள் அறிவர். பாறையையும் மனிதன் கைபட்ட கல்லையும் ஒரே கண்ணால் நோக்கிய அவரைப் போன்றோர்க்குத்தான் இத்தகைய ஊர்கள் முழுமையாகப் புலனாகும்.

அக்கல்லில் பொன் எவ்வளவு இருக்கும்? டன் ஒன்றுக்குச் சில கிராம் மட்டுமே. மூன்று கிராம் எனக் கொள்வோம். பொன்னின் ஒப்படர்த்தி 19.3 ஆதலின் அந்த மூன்று கிராம் ஏழெட்டு அரிசிமணிகளின் பருமனே பெறும். அதுவும் ஒரிடத்தில் திரண்டிராது. ஒரு டன் பாறை முழுவதிலும் தூசியிலும் நுண்ணிதாய்ப் பரவிக் கிடக்கும். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேற்பட்ட பாறையை உடைத்து அரைத்தாக வேண்டும். ஹட்டியின் கல் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் மின்னுவது ஏதேனும் தென்படலாம். பெரும்பாலும் அது கந்தகம் கலந்த இரும்புக் கனிமமாகவே இருக்கும். இங்குப் பொன்னோடு சேர்ந்து வருவது ஆர்சனோபைரைட் என்னும் வெள்ளிநிறக் கனிமம்.

கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பொன்னைப் பண்டையோர் எவ்வாறு கண்டுபிடித்தனர்? இடித்தும் அரித்தும்தான். அரிசி களையும் பெண்டிர் நீரில் அலசிக் கல்லை அடியில் தங்கவிட்டு அரிசியை மேலோடு சாய்த்தெடுப்பதை அரித்தல் என்கின்றோம். பொன் அரித்தலும் அதுவே. வேண்டியது மேலே வருவதற்கு மாறாக அடியில் தங்குகின்றது என்பதே வேறுபாடு. வெண்கல்லின் ஒப்படர்த்தி 2.65, பொன்னினுடையது அதனினும் ஏழு மடங்கிற்கு மேல். மாத்தூள் போல அரைத்த கல்லை மரத்தட்டில் இட்டு நீரூற்றிச் சுழற்றினால், கல்தூள் விளிம்பு கடந்து வெளியேற, தட்டின் அடியில் கரும்பொடியும் அதன் முனையில் கீற்றுப்போன்ற மஞ்சளும் எஞ்சும். அந்தக் கீற்று நீண்டால் அவ்விடத்தில் தோண்டுவர். மங்கினால் விட்டு நகர்வர். இன்றைய மாதிரி எடுப்பும் பகுப்பாய்வும் கொள்கையளவில் இதனின் வேறல்ல.

இந்த இடிப்பும் அரைப்பும் நடைபெற்ற இடங்களே நாம் காணவேண்டிய முதற்பொருள். ஹட்டியிலும் சுற்றுப்புறத்திலும், நீர் நின்ற இடங்களை அடுத்து, நிலத்தினின்று தாழ எழுந்து நிற்கும் கரும்பாறைகளின் முதுகில் வழவழப்பான குழிகள் உள்ளன. சில உள்ளங்கை அளவின. சில கிண்ணம் போல ஆழ்ந்தவை. சில அம்மியின் தேய்வு போல நீண்டு தாழ்ந்தவை. முதன்முறை காண்போர் மழைநீர் அரித்த பள்ளம் என்று கடந்துவிடக் கூடும். விரலால் தடவிப் பார்த்தால் ஐயம் நீங்கும். நீர் அரித்த பள்ளம் பாறையின் மென்மையான பகுதியைத் தின்று கரடுமுரடாக இருக்கும். இவையோ பாறையின் மணிகளை ஒரே மட்டமாகச் சீவினாற்போல் மெருகேறியவை. ஒரு பாறையில் ஒன்று இரண்டு அன்றிப் பல சேர்ந்து, ஆள் குந்தி அமர்ந்து கைநீட்டும் இடைவெளியில் அமைந்துள்ளன. அருகில் தேடினால் ஒருபக்கம் தேய்ந்து தட்டையான உருண்டைக் கற்கள் கிடைக்கும். வேலைக்குத் தேர்ந்தெடுத்த பாறையும் கருதத்தக்கது. வெண்கல் கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்பினது; கரும்பாறையோ எளிதில் பிளவாத உறுதி உடையது. எதன்மேல் எதனை இடிக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

நாங்கள் அத்தகைய பாறையொன்றின்மேல் அளவுநாடாவுடன் குனிந்திருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகே வந்து, “உரல் குழியை அளந்து என்ன செய்யப் போகின்றீர்கள், ஐயா?” என்று கன்னடத்தில் வினவினார். விடையைக் கேட்டபின், ஊரின் மறுபுறத்தில் மேலும் இரண்டு பாறைகள் உள்ளன என்று தாமே வழிகாட்டி அழைத்துச் சென்றார். எங்கள் குறிப்பேட்டில் அவை இல்லாதிருந்தன.

இனிக் குழிகள். ஹட்டியின் பழங்குழிகள் 640 அடி ஆழம் வரை சென்றவை. வெடிமருந்தும் நீரிறைக்கும் பொறியும் அறியாத காலத்தில் இது வியக்கத்தக்க ஆழம். அவர்களுடைய வெடிமருந்து விறகே. பாறை முகத்தில் விறகை அடுக்கித் தீ மூட்டுவர். வெண்கல் சூட்டில் விரியும். 573 பாகை செல்சியசை எட்டும்போது அதன் உள்ளமைப்பே மாறித் திடீரெனப் பருக்கும். மேற்படை இவ்வாறு விரிந்து, பின்புறப் பாறை குளிர்ந்தே இருக்க, இரண்டிற்கும் இடையே விரிசல் காணும். அதன்மேல் நீரை வீசினால் மேற்படை சுருங்கிப் பொறியும். பின்னர் உளியும் சுத்தியும் கொண்டு பெயர்த்தெடுப்பர். ஒருமுறை தீயிட்டால் பெயர்வது சில விரற்கிடை மட்டுமே. நூற்றுக்கணக்கான அடி இறங்குவதற்கு எத்துணைக் காடு எரிந்திருக்கும் என்பதை இன்றைய மரமற்ற சமவெளியில் நின்று எண்ணிப் பார்க்கலாம். தீயிட்ட பின் புகை அடங்கும்வரை கீழே இறங்க இயலாது. தீ உள்ளிருக்கும் நற்காற்றையும் உண்டுவிடும். ஆதலின் ஆழம் மிக மிக ஒவ்வொரு அடிக்கும் ஆன நாள்களும் மிகுந்திருக்க வேண்டும்.

ஆழத்திற்கு எல்லையிட்டது நீர். மேலே அரிப்பதற்கு நீர் போதாது. கீழே ஊறும் நீரோ வேலையை நிறுத்திவிடும். குடங்களாலும் தோற்பைகளாலும் கைமாற்றிக் கைமாற்றி வெளியேற்றியிருப்பர் போலும். பழங்குழிகளுக்குள் உடைந்த மண்கலத் துண்டுகளும், கரியும், தாங்கு மரச்சட்டங்களும் கிடைத்துள்ளன. அந்த மரத்தைக் கதிரியக்கக் கரிம முறையில் ஆய்ந்ததில், இற்றைக்கு 1900 ஆண்டுகளை ஒட்டிய காலம் தெரியவந்தது. உயிர் நீங்கிய மரத்தில் உள்ள கதிரியக்கக் கரிமம் 5730 ஆண்டுகளில் பாதியாகின்றது. 1900 ஆண்டுகளில் நூற்றில் ஏறத்தாழ எண்பது பங்கு எஞ்சியிருக்கும். மேல்வகுப்பு மாணவர் மடக்கை கொண்டு இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். ஒன்று நினைவிற்கொள்ளத் தக்கது: இம்முறை காட்டுவது அம்மரம் வெட்டப்பட்ட காலத்தையே. அக்குழியில் முதன்முதலில் பொன் எடுத்த காலம் அதற்கு முன்னதாகவும் இருக்கலாம்.

பழங்குழிகளின் மதிப்பு வரலாற்றோடு முடிவதன்று. தென்னிந்தியாவில் பிற்காலத்தார் திறந்த பொற்சுரங்கங்கள் மிகப் பெரும்பாலும் பண்டையோர் குழிகளின்மேல் அமைந்தவையே. கோலாரில் நிகழ்ந்ததும் அதுவே. ஹட்டியில் நிகழ்ந்ததும் அதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிசாம் அரசிடம் உரிமை பெற்ற ஆங்கிலக் கம்பனியினர் இக்குழிகளையே வழிகாட்டியாகக் கொண்டு வந்தனர். அவர்கள் தொடங்கிய வேலை 1920ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று. பின்னர் நிசாமின் நிலவியல் துறையினர் பழைய குழிகளை மீண்டும் ஆராய்ந்தனர். 1947இல் ஐதராபாத்துப் பொற்சுரங்கக் கம்பனி நிறுவப்பெற்றது. மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்ட 1956இல் அது ஹட்டியின் பெயரைப் பெற்றது. இவ்வளவிற்கும் அடிப்படை, யாரோ வரிசையாகத் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள்.

அர்த்தசாத்திரத்தில் சுரங்க அதிகாரிக்கு விதிக்கப்பட்டுள்ள கடமைகளுள் ஒன்று, கசடு, மூசைத் துண்டு, கரி, சாம்பல் ஆகிய அடையாளங்களால் பழைய சுரங்கங்களைக் கண்டறிதல். களப்பணியாளர்க்கு இன்றும் அது பொருந்தும். இதில் எமது பிழையொன்றை இங்கு ஒப்புக்கொள்வது முறையாகும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில், நிலப்படத்தைக் களத்தோடு ஒத்துப்பார்க்கும் பணியில் இருந்தபோது, புதர் மண்டிய பள்ளங்கள் ஐந்தனைத் ‘தூர்ந்த கிணறு’ எனக் குறித்து அனுப்பினோம். கிணறு என்றால் ஐந்து கிணறுகள் நூறு அடிக்கு ஒன்றாக ஒரே நேர்கோட்டில் எதற்கு என்று எமக்குத் தோன்றவில்லை. மூத்த நிலவியலாளர் ஒருவர் அப்படத்தைக் கண்டு அதனையே கேட்டார். மீண்டும் சென்று பார்ப்பதற்குள் நிலச் சமன்பாட்டு வேலையில் மூன்று பள்ளங்கள் மூடப்பட்டுவிட்டன. வரப்பில் கொட்டிக் கிடந்த வெண்கல் நொறுக்குகளே எஞ்சியிருந்தன.

பழங்குழியைக் கிணற்றினின்று பிரித்தறிதல் கடினமன்று. கிணறு வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும். பழங்குழி பாறையின் போக்கிலேயே நீண்டு குறுகியிருக்கும். கிணற்றுக்குப் படியோ கட்டுச்சுவரோ, கவலை இறைத்த சாய்வோ இருக்கும், பழங்குழிக்கு இரா. கிணற்றுமண் வயலில் பரப்பப்பட்டிருக்கும். பழங்குழியின் இருமருங்கிலும் வெண்கல் நொறுக்கு மேடாகக் குவிந்திருக்கும். அம்மேட்டைக் கொத்தினால் கரித்துண்டும் கலவோடும் வெளிப்படுவதுண்டு. அருகில் நீருள்ள பக்கமாக இருநூறு முந்நூறு அடி நடந்தால், இடிகுழிகள் கொண்ட பாறை காணப்படலாம். இவற்றுள் இரண்டு அடையாளங்கள் ஒத்துவந்தாலும் குறிப்பேட்டில் ‘பழைய அகழ்வு’ என எழுதி, நீளம், அகலம், நீளப்போக்கின் திசை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும்.

இது வெறும் பழம்பொருள் ஆர்வமன்று. பழங்குழிகள் பெரும்பாலும் நீர் நிறைந்தவை. படத்தில் குறிக்கப்படாத அத்தகைய குழியை நோக்கிக் கீழிருந்து புதிய வேலை மேலேறி வருமாயின், இடையிலுள்ள பாறை மெலிந்து நீர் ஒரே வீச்சில் உடைத்துக்கொண்டு இறங்கும். கீழே உள்ளவர்க்குத் தப்ப வழி இராது. அதனாலேயே பழைய வேலைகளை அணுகும்போது முன்கூட்டித் துளையிட்டுப் பார்த்துச் செல்வது சுரங்கத்தார் வழக்கம். எங்கே துளையிட வேண்டும் என்பதை அறிவிப்பது மேற்பரப்பில் நடந்து குறிப்பெழுதியவரின் ஏடு.

இடிபாறைகளுக்கு நேரும் கேடு வேறு வகையானது. சாலைக்கு ஜல்லி உடைப்போர்க்குத் தரைமட்டத்தில் தாழ நிற்கும் உறுதியான கரும்பாறையே வசதி. ஒரு சிற்றூரின் சாலையோரத்தில், ஜல்லிக் குவியலின்மேல், பாதிக் கிண்ணத்தோடு பிளந்த கல்லொன்று கிடந்ததைக் கண்டோம். மற்றப் பாதி எந்தச் சாலையில் உள்ளதோ! உடைத்தவரை நோவதில் பயனில்லை. அஃது என்னவென்று அவருக்கு எவரும் சொன்னதில்லை. உள்ளூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை மாணவரை அழைத்துச் சென்று அப்பாறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருப்பின், அந்தக் கல் தப்பியிருக்கும் என்று எண்ணுகின்றோம்.

ஹட்டிக்குச் செல்வோர் தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள மஸ்கிக்கும் சென்று திரும்புதல் நன்று. 1915ஆம் ஆண்டு, பொற்சுரங்கப் பொறியாளராகிய பீடன் என்பவர் இவ்வூர்க் குன்றின் பாறைக் குகையொன்றில் எழுத்துகளைக் கண்டார். அது பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் அமைந்த அசோகனின் சிறுபாறைக் கட்டளை. அதுகாறும் கிடைத்த கட்டளைகளில் மன்னன் ‘தேவர்க்கு இனியன்’ என்பது போன்ற அடைப்பெயர்களாலேயே குறிக்கப்பட்டிருந்தான். அவனே அசோகன் என்பது இலங்கை வரலாற்று நூல்களைக் கொண்டு 1837இல் டர்னர் செய்த ஊகம். மஸ்கிப் பாறையில் அசோகன் என்ற பெயரே வெட்டப்பட்டிருந்தது. முக்கால் நூற்றாண்டு நிலவிய ஊகம் இவ்வாறு உறுதியாயிற்று. 1954இல் தொல்லியல் துறையின் சார்பில் பி. கே. தாபர் இங்கு அகழ்ந்தபோது, புதிய கற்கால இறுதியிலிருந்து தொடர்ந்து மக்கள் வாழ்ந்தமை தெரிந்தது.

இங்கு ஆசிரியர்கள் ஒரு தடுமாற்றத்தைத் தவிர்க்க வேண்டும். கட்டளையும் பழங்குழியும் அருகருகே இருப்பது கண்டு, ஹட்டியில் பொன் எடுப்பித்தவன் அசோகனே என்று கூறிவிடுவது எளிது. மௌரியர் ஆட்சியில் ‘சுவர்ணகிரி’ என்னும் தென்புலத் தலைநகர் ஒன்று இருந்தமை பிரம்மகிரிக் கட்டளையால் அறியப்படுகின்றது. அதனை மஸ்கி என்பாரும், கனககிரி என்பாரும், ஆந்திரத்துச் சொன்னகிரி என்பாரும் உளர். ஆனால் ஹட்டி மரத்தின் காலம் அசோகனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு பிற்பட்டது. இரண்டையும் இணைக்கும் சான்று இன்னும் மண்ணிலிருந்து வெளிவரவில்லை. வெளிவருமாயின், அரண்மனை எச்சத்தைவிட, யாரேனும் கிணறு என்று நினைத்த ஒரு பள்ளத்தின் கரியிலிருந்து அது வருவதற்கே வாய்ப்பு மிகுதி.

பயணத்திற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் பாறைமேல் உட்கார இயலாது. சுரங்கத்தினுள் இறங்குவதற்கு நிறுவனத்தாரின் இசைவைப் பல நாள் முன்னரே எழுதிப் பெறவேண்டும். இடிபாறைகளைப் பார்க்க அந்த இசைவு வேண்டுவதில்லை. அவை நிற்கும் நிலத்திற்கு உரியவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டாற் போதும். மாணவரை அழைத்துச் செல்வோர் பழங்குழிகளின் விளிம்பிற்கு அவர்களை விடலாகாது; புதர் மூடிய விளிம்பு காலை ஏமாற்றும். கழிவுமண் மேடுகளிலும் ஏற விடலாகாது. அம்மண் சயனைடு கரைசலில் ஊறி வந்தது, ஆர்சனிக்கும் கலந்தது. மரத்தட்டு ஒன்றும், சிறிது ஆற்றுமணலும், ஈயக்குண்டுப் பொடி ஒரு சிட்டிகையும் கொண்டுசென்றால், பொன் அரிக்கும் முறையை அங்கேயே குளக்கரையில் செய்து காட்டலாம். ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3. பொன்னைவிடக் குறைவு, ஆயினும் முதன்முறை தட்டைச் சுழற்றும் கைக்கு அதுவே போதும். பொடியை ஆசிரியரே இட்டு எடுத்துக்கொள்க. மாணவர் கையலம்பிய பின்னரே உணவு.